பழுதாவதற்கென்றே தயாராகும் பொருள்களும் மான்குர்த் உழைப்பாளிகளும்

(மும்பை மான்குர்த் பகுதியில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காட்கோபர் – மான்குர்த் இணைப்புச் சாலை வழியாகச் செல்லும் எவரும் மண்டாலாவின் பங்கார் கிடங்குகளைக் காணாமல் கடந்துவிட முடியாது. தகரக் கூரைகளின் கீழே மிக்ஸிகள், மின்விசிறிகள், சலவை இயந்திரங்களின் தொட்டிகள், தொலைக்காட்சிப் பெட்டிகளின் பின்பக்க உறைகள், எல்.இ.டி. பல்புகள் என்று இந்த மாநகரத்தின் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. ஆணும் பெண்ணும் தரையில் அமர்ந்து, சுத்தியும் திருப்புளியும் கொண்டு அவற்றைப் பிரித்துச் செம்பு தனி, அலுமினியம் தனி, பிளாஸ்டிக் தனி என்று தரம் பிரிக்கிறார்கள்.

அந்தக் குவியலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அதில் உள்ள பல பொருள்கள் முழுமையாகத் தேய்ந்து அழிந்தவை அல்ல. மிக்ஸியில் காயில் எரிந்திருக்கும். சலவை இயந்திரத்தில் பேரிங் தேய்ந்திருக்கும். பல்பில் ஐந்து ரூபாய்கூடப் பெறாத ஒரு கண்டன்சர் உலர்ந்துபோயிருக்கும். மற்ற பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும். ஒரு பாகம் கெட்டதற்காக ஒரு முழுப் பொருள் ஏன் மண்டாலாவுக்கு வருகிறது?

முதலாளித்துவப் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்கள் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கின்றன: மக்களின் நுகர்வு மோகம், தூக்கியெறியும் பழக்கம். மாதத் தவணையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய தொழிலாளிக் குடும்பம் அதை மோகத்தினால் தூக்கியெறிவதில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது, மாற்றினால் புதியதன் விலையில் பாதி ஆகும், அதுவும் இந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று தெரியாது" என்று சொல்லும்போது அந்தக் குடும்பத்திற்கு வேறு வழியில்லை. அடுத்த தவணை தொடங்குகிறது. பழைய பெட்டி பங்கார்வாலாவின் வண்டியில் ஏறுகிறது.

பல்பு முதலாளிகளின் கூட்டு

பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பது கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. ஆவணங்களால் நிறுவப்பட்ட வரலாறு அது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் பெரும் பல்பு நிறுவனங்கள் 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டை அமைத்தன. ஜெர்மனியின் ஓஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ், பிரான்சின் கம்பெனி தெ லாம்ப் ஆகியவை அதில் இருந்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தன் வெளிநாட்டுக் கிளைகள் மூலம் பங்கேற்றது. உலகச் சந்தையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டதோடு அவை நிற்கவில்லை. 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துகொண்டிருந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைப்பதென்று முடிவு செய்தன. ஒவ்வொரு ஆலையும் மாதிரி பல்புகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நிர்ணயித்த அளவைத் தாண்டி எரியும் பல்புகளைத் தயாரித்த ஆலைக்கு அபராதம். பல்பை நீண்ட நாள் எரியச் செய்யப் பயிற்சி பெற்ற பொறியாளர்கள் அது விரைவில் அணையும் வழியைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போர்தான் அந்தக் கூட்டைக் கலைத்தது.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் மூலம் இந்நாட்டில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் மக்களிடம் சென்றன. மின்சாரம் மிச்சமானது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், கடைகளில் விற்கும் எல்.இ.டி. பல்பின் பெட்டி மீது 15,000 மணி நேரம், 25,000 மணி நேரம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரிந்தால் 25,000 மணி நேரம் என்பது 11 ஆண்டுகளுக்கு மேல். நிறுவனம் தரும் உத்தரவாதமோ பெரும்பாலும் ஓராண்டு அல்லது ஈராண்டு. இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒளி தரும் சில்லுகள் நீண்ட ஆயுள் கொண்டவைதான். ஆனால், சில்லுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எஞ்சியவற்றில் அதிக மின்னோட்டத்தைச் செலுத்தினால் செலவு குறைகிறது, சூடு கூடுகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கண்டன்சர் உலர்கிறது. சில்லுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று எரிந்தாலே முழு பல்பும் அணைகிறது. மூடியோ பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது.

வேறு விதமாகச் செய்ய இயலாதா? இயலும். அதைச் செய்து காட்டியதே அந்த நிறுவனங்களில் ஒன்றுதான். 2016இல் துபாய் மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு பிலிப்ஸ் நிறுவனம் ஒரு பல்பை வடிவமைத்தது. அதில் சில்லுகள் அதிகம், ஒவ்வொன்றிலும் பாயும் மின்னோட்டம் குறைவு. எனவே சூடு குறைவு, ஆயுள் நீளம், மின்செலவும் குறைவு. அந்தப் பல்பு துபாயில் மட்டும் விற்பனைக்கு வந்தது. ஓர் அரசு அதிகாரம் நிபந்தனை விதித்த இடத்தில் நீடிக்கும் பல்பு. நிபந்தனை இல்லாத இடத்தில் அணையும் பல்பு.

எல்லாப் பழுதும் சதியா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உடைகிற ஒவ்வொரு பாகத்தையும் முதலாளியின் சதி என்று பேசினால், மெக்கானிக் தோழரே சிரிப்பார். மிக்ஸியின் அடியிலுள்ள கப்ளர் எளிதில் உடையும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஜார் இறுகிச் சுற்ற முடியாமல் நிற்கும்போது, அந்தச் சிறு கப்ளர் உடைந்து விலையுயர்ந்த மோட்டாரைக் காப்பாற்றுகிறது. எந்தத் தெருக் கடையிலும் கிடைக்கும், சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இது நல்ல வடிவமைப்பு. ஏமாற்று வேலை வேறு இடத்தில் இருக்கிறது: செம்புக் கம்பி சுற்ற வேண்டிய மோட்டாரில் அலுமினியம் சுற்றுவது, சலவை இயந்திரத்தின் தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டு, ஒரு பேரிங்குக்காக முழுத் தொட்டியையும் மாற்றச் சொல்வது, சாதாரணத் திருப்புளிக்கு வசப்படாத திருகுகளைப் பொருத்துவது, மூன்றாண்டில் மாடலை மாற்றி உதிரிபாகத்தை நிறுத்திவிடுவது.

மிக்ஸியின் வரலாறே பழுதுபார்ப்பின் வரலாறுதான். இதே மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய மிக்ஸி எரிந்துபோனது. அதைச் சரிசெய்ய இந்தியாவில் வசதியில்லை. அந்த நெருக்கடியிலிருந்து 1963இல் பிறந்ததுதான் சுமீத் மிக்ஸி. இட்லி மாவையும் தேங்காய்ச் சட்னியையும் அரைக்கும் வலுவுள்ள மோட்டார் அதில் இருந்தது. காயில் கட்டிக் கட்டி இரண்டு தலைமுறை அதை ஓட்டிய குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உண்டு.

மூலதனத்தின் சுழற்சி

நல்ல பொருள் தயாரிக்கத் தெரிந்தும் முதலாளி ஏன் தயாரிப்பதில்லை? மூலதனம் சுழல வேண்டும். பணம் பண்டமாகி, பண்டம் மீண்டும் கூடுதல் பணமாகி, அது மீண்டும் உற்பத்திக்குள் நுழைய வேண்டும். இந்தச் சுழற்சி எவ்வளவு விரைவாக நடக்கிறதோ அவ்வளவு இலாபம். இருபது ஆண்டு உழைக்கும் குளிர்சாதனப் பெட்டி இருபது ஆண்டுகளுக்கு அந்த வீட்டின் கதவை மூலதனத்திற்கு அடைத்துவிடுகிறது.

'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் இயந்திரங்களின் இருவகைத் தேய்மானத்தைப் பற்றி எழுதினார். ஒன்று, உழைப்பினால் ஏற்படும் பௌதிகத் தேய்மானம். மற்றொன்று, அதைவிட மலிவான அல்லது மேம்பட்ட இயந்திரம் சந்தைக்கு வருவதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமே மதிப்பிழக்கும் தேய்மானம். இந்த இரண்டாம் வகைத் தேய்மானத்தைக் கண்டு ஆலை முதலாளி அஞ்சினான். அதற்குமுன் இயந்திரத்தைப் பிழிந்துவிட வேண்டும் என்று தொழிலாளியின் வேலை நேரத்தை நீட்டினான். இருபதாம் நூற்றாண்டில் மூலதனம் அந்தத் தேய்மானத்தை ஆலையிலிருந்து எடுத்துத் தொழிலாளியின் சமையலறைக்குள் வைத்தது. ஆலையில் அஞ்சியதை வீட்டில் விதைத்தது.

1932இல், பெருமந்தத்தின் நடுவே, நியூயார்க்கைச் சேர்ந்த பெர்னார்டு லண்டன் என்ற நிலத் தரகர் இதை வெளிப்படையாகவே எழுதினார். பொருள்களுக்கு அரசே ஆயுளை நிர்ணயிக்க வேண்டும். காலம் முடிந்தவுடன் அவற்றை மக்களிடமிருந்து திரும்பப் பெற்று அழிக்க வேண்டும். அப்போதுதான் ஆலைகள் ஓடும் என்றார். வேலையிழந்தவர்கள் பசியோடு வரிசையில் நின்ற ஆண்டில், இருக்கும் பொருளை அழிப்பதே தீர்வு என்று எழுத முடிந்தது. அவர் கேட்ட சட்டம் வரவில்லை. சட்டம் இல்லாமலே நிறுவனங்கள் அதைச் செய்துகொண்டன.

மாற்று அனுபவமும் உண்டு. ஜெர்மன் ஜனநாயகக் குடியரசில் 1980 முதல் 'சூப்பர்ஃபெஸ்ட்' என்ற கண்ணாடிக் குவளைகள் தயாரிக்கப்பட்டன. இரசாயன முறையில் வலுவூட்டப்பட்ட அவை எளிதில் உடைவதில்லை. ஏறத்தாழ 12 கோடிக் குவளைகள் செய்யப்பட்டன. மேற்கு நாடுகளின் வியாபாரிகள் அவற்றை வாங்க முன்வரவில்லை: உடையாத குவளையை விற்பவன் அடுத்த ஆண்டு எதை விற்பான்? 1990இல், ஜெர்மானிய இணைப்போடு உற்பத்தி நின்றது. சோஷலிச நாடுகளின் எல்லாப் பொருளும் தரமாக இருந்தன என்று சொன்னால் அது உண்மையாகாது. தரக்குறைவைப் பற்றிய கசப்பான முறையீடுகள் அங்கேயும் இருந்தன. ஆனால், மூலப்பொருளைச் சேமிக்க வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவெடுத்தால் பொறியாளரின் மூளை எந்தத் திசையில் வேலை செய்யும் என்பதற்கு அந்தக் குவளை சான்று.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

2022இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாகவும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறைப்படி சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறையில் உள்ளன. உற்பத்தியாளரே தன் பொருளின் கழிவுக்குப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. முதல் ஈராண்டுகளுக்கு 60 சதவீதம், பின்னர் 70, பின்னர் 80 என்று மறுசுழற்சி இலக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த இலக்கைக் கணக்கிடும் முறையில் கட்சி ஊழியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சராசரி ஆயுள் வைத்து, அத்தனை ஆண்டுகளுக்கு முன்பு விற்றதில் இத்தனை சதவீதம் என்று இலக்கு நிர்ணயிக்கிறார்கள். அந்த ஆயுள் ஏன் அவ்வளவாக இருக்கிறது, அதை நீட்ட முடியாதா என்ற கேள்வி இலக்கில் எங்குமே இல்லை. பொருளின் மரணத்தை இயற்கை நிகழ்வாக ஏற்றுக்கொண்டு, சட்டம் பிணத்தை எடுத்துச் செல்லும் ஏற்பாட்டிலிருந்து தொடங்குகிறது.

அந்த ஏற்பாட்டுக்குக்கூடப் பணம் கொடுக்க நிறுவனங்கள் தயாராக இல்லை. வீட்டு மின்னணுப் பொருள்களின் மறுசுழற்சிக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் தர வேண்டும் என்று 2024இல் ஒன்றிய அரசு நிர்ணயித்தது. டைகின், வோல்டாஸ், எல்ஜி, சாம்சங் முதலிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்திற்குச் சென்றன. அதே 2024 செப்டம்பரில்தான் ஸ்ரீபெரும்புதூரில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தயாரிக்கும் சாம்சங் தொழிலாளர்கள், சங்கம் அமைக்கும் உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். பொருள் பிறக்கும் இடத்தில் சங்கம் கூடாது. அது இறக்கும் இடத்தில் கிலோவுக்கு 22 ரூபாய் கூடாது.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒன்றிய நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணைய வாயில் திறந்தது. பொருள்களின் பழுதுபார்ப்புத் தகுதிக்கு மதிப்பெண் தருவது பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. உதிரிபாகம் இத்தனை ஆண்டு கிடைத்தாக வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இவற்றிலிருந்து பிறக்கவில்லை. இத்தனைக்கும் முன்னுதாரணம் இந்நாட்டிலேயே இருக்கிறது. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் முடக்கியதற்காக 14 கார் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காருக்குப் பொருந்தும் நியாயம் கிரைண்டருக்குப் பொருந்தாதா?

பிரான்ஸ் 2015இல் திட்டமிட்ட காலாவதியைக் குற்றமாக்கி, இரண்டாண்டுச் சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் வைத்தது. ஆனால், உள்நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். 2020இல் ஆப்பிள் நிறுவனத்துக்கு அங்கே விதிக்கப்பட்ட 2.5 கோடி யூரோ அபராதம்கூட, பழைய கைபேசிகள் வேகம் குறைவதை வாடிக்கையாளரிடம் மறைத்ததற்காகத்தான். எனவே உள்நோக்கத்தைத் துரத்துவதைவிட, உதிரிபாகம், நீண்ட உத்தரவாதம், பிரிக்கக்கூடிய வடிவமைப்பு ஆகியவற்றைச் சட்டத்தில் எழுதுவதே பயன் தரும்.

சுமை யார் தலையில்?

இந்தப் பிரச்சினை மான்குர்தில் பேசப்படுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மாநகரத்தின் குப்பையை 1927 முதல் சுமந்துவரும் தேவ்னார் மேடு இந்த எம்-கிழக்கு வார்டில்தான் இருக்கிறது. 2016 ஜனவரியில் அது எரிந்தபோது எழுந்த புகை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் மண்டாலா பங்கார் கிடங்குகள் எரிந்தன. 2009இல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் இந்த வார்டுக்கு.

கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவரின் நுரையீரலுக்குள் பிளாஸ்டிக் புகை செல்கிறது. பழைய தொலைக்காட்சியின் பிக்சர் டியூபை உடைப்பவர் ஈயம் கலந்த கண்ணாடியைக் கையில் எடுக்கிறார். தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குச் சென்றவை இந்த டியூப் கொண்ட பெட்டிகள்தாம். 2011இல் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் சென்றன. அவற்றின் முடிவும் ஏதோ ஒரு காயலான் கடையில்தான். இவ்வளவு பெரிய கொள்முதல் செய்யும் ஓர் அரசு, பத்தாண்டு உத்தரவாதமும் உதிரிபாகமும் நிபந்தனையாக வைத்திருந்தால் சந்தையே மாறியிருக்கும்.

சூழலைக் காப்பது என்ற பெயரில் அரசு நடவடிக்கை எடுக்கும்போது அது முதலில் தொடுவது இந்த உழைப்பாளியைத்தான். கிடங்கு சட்டவிரோதம், தொழில் சட்டவிரோதம். 2022 விதிகளில் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் என்ற வகைகள் உண்டு. தரையில் அமர்ந்து பிரிப்பவருக்கு வகை இல்லை. அதே விதிகளில் மாநிலத் தொழிலாளர் துறை இப்பணியில் ஈடுபடுவோரை அங்கீகரித்துப் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் குழுக்கள் அமைக்க உதவ வேண்டும், தொழில் கொட்டகைக்கு மாநில அரசு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரிகளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறையின் வாசலுக்குச் செல்வது உடனடி வேலை.

இன்னொரு ஆபத்தும் நெருங்குகிறது. தாராவியின் தேரா கம்பவுண்டில் நகரத்தின் பிளாஸ்டிக்கும் உலோகமும் மறுவாழ்வு பெறுகின்றன. அதானி குழுமத்தின் தலைமையிலான மறுமேம்பாட்டுத் திட்டத்தில் தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்படும் தாராவி மக்களைக் குடியேற்ற, தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் 124 ஏக்கரை ஒதுக்க 2024இல் மராட்டிய அரசு முடிவு செய்தது. 1976இல் ஜனதா காலனியை அகற்றி மக்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து இறக்கியதை இப்பகுதியின் முதியவர்கள் மறக்கவில்லை. குப்பையைக் குறைக்கும் உழைப்பாளிகளையே குப்பையின் மேல் குடியமர்த்தும் திட்டம் இது.

வேலை போய்விடாதா?

பொருள்கள் இருபது ஆண்டு உழைத்தால் ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளியின் கதி என்ன என்ற கேள்வி தொழிற்சங்கத் தோழர்களிடம் நியாயமாகவே எழுகிறது. அதை எளிதாகத் தாண்டிச் செல்லக் கூடாது. குறைந்த எண்ணிக்கையில் பொருள்கள் தயாரானால், இன்றைய அமைப்பில் முதலாளி முதலில் ஆட்குறைப்புதான் செய்வான். ஆனால், பொருள்கள் விரைவில் பழுதாகும் இன்றைய நிலையில் தொழிலாளிக்கு என்ன கிடைத்திருக்கிறது? ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என்ற பெயர்களில் நிரந்தரமற்ற வேலை. உற்பத்தி பெருகுகிறது, கன்வேயர் வேகம் கூடுகிறது, ஆள் எண்ணிக்கை அதே விகிதத்தில் கூடுவதில்லை. பழுதுபார்க்கும் வேலையோ இயந்திரத்தால் எளிதில் செய்துவிட முடியாதது. ஒவ்வொரு பழுதையும் ஒரு மனிதர் தன் கையாலும் மூளையாலும் கண்டுபிடிக்க வேண்டும். காயில் கட்டுபவர், போர்டு சரிசெய்பவர், ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஆகியோருக்குத் தெருவிலேயே வேலை இருக்கும். ஆலையில் மிச்சமாகும் நேரம் யாருக்கு என்பது தனிப் போராட்டம். வேலை நேரக் குறைப்புக் கோரிக்கையோடு இணைக்காமல் நீடிக்கும் பொருள்களைப் பற்றி மட்டும் பேசினால், ஆலைத் தொழிலாளி அதை நடுத்தர வர்க்கத்தின் பசுமைப் பேச்சு என்றே எடுத்துக்கொள்வார்.

பங்கார் தொழிலாளியும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்: குப்பை குறைந்தால் தன் பிழைப்பு என்னாகும்? இதே மாநிலத்தின் புனேயில் கழிவு பொறுக்குவோர் 1993இல் சங்கம் அமைத்தார்கள். 2008இல் 'ஸ்வச்' கூட்டுறவின் மூலம் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகச் சேகரிக்கும் உரிமையைப் பெற்றார்கள். பொருளை உடைத்து விற்பதைவிட, அதில் உயிருள்ள மோட்டாரையும் கம்ப்ரஸரையும் போர்டையும் பிரித்துச் சோதித்து விற்பது கூடுதல் வருமானம் தரும் என்பதை மண்டாலாவில் உள்ளவர்கள் யாரும் சொல்லாமலே அறிவார்கள். அதற்கு வேண்டியவை மின் இணைப்புள்ள ஒரு கொட்டகை, சோதனைக் கருவிகள், கையுறையும் முகக்கவசமும், காவல்துறையின் தொல்லையிலிருந்து விடுதலை தரும் ஓர் அடையாள அட்டை.

உடனே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. 1880இல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஒரு நீண்ட வினாப்பட்டியலைத் தயாரித்தார். தொழிலாளியின் நிலையைத் தொழிலாளியே பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த வழியில், மான்குர்த், செம்பூர், தாராவி கிளைகள் தத்தம் பகுதியின் மெக்கானிக் கடைகளிலும் பங்கார் கிடங்குகளிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். வந்த பொருள் எது, எந்த நிறுவனம், எந்த ஆண்டுத் தயாரிப்பு, எந்தப் பாகம் பழுது, அந்தப் பாகம் கடையில் கிடைத்ததா, கிடைத்தால் என்ன விலை, புதியதன் விலை என்ன என்ற ஏழு கட்டங்கள் போதும். மூன்று மாதங்களில் அந்த நோட்டுகளில் சேரும் விவரம் தொழிலாளர் துறைக்கும் நுகர்வோர் நலத்துறைக்கும் கொடுக்கும் மனுவின் இணைப்பாகச் செல்லும். மெக்கானிக்குகளில் பலர் உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் சேர்ந்தவர்கள். எனவே நோட்டு தமிழோடு இந்தியிலும் மராத்தியிலும் அச்சிடப்பட வேண்டும்.